ரிமாண்டில் இருக்கும் தம்பிக்கு மனநல மருந்து நின்றுபோய்விட்டது: உள்ளே யாரைக் கேட்பது?

அக்கா_தெற்கு எழுதியது:

வணக்கம். என் தம்பிக்கு 26 வயது. லேத் பட்டறையில் வேலை. நாலு வருடமாக மனச்சிதைவு நோய்க்கு அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் மருந்து எடுத்து வந்தான். ரிஸ்பெரிடோன் மாத்திரை, அதன் பக்கவிளைவான நடுக்கம், விறைப்புக்குப் பேசிடேன் மாத்திரை, மாதம் ஒரு ஊசி. மருந்து ஒழுங்காகப் போன காலத்தில் அவனைப் பார்த்தால் நோயாளி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சம்பளத்தை அம்மா கையில் கொடுப்பான், அக்கா பிள்ளைகளுக்குப் பரோட்டா வாங்கி வருவான். ஆடி மாதத்துக்கு அப்புறம் "எனக்குச் சரியாகிவிட்டது" என்று நிறுத்திவிட்டான். பக்கத்து வீட்டுக்காரர் மொட்டை மாடியில் நின்று தன்னைப் பற்றியே பேசுகிறார் என்று சொல்ல ஆரம்பித்தான். கடைசியில் ஒரு நாள் கம்பியால் அவரை அடித்துவிட்டான். அவருக்குத் தலையில் தையல். கொலை முயற்சி வழக்கு. தீபாவளிக்கு முந்தின வாரம் ரிமாண்ட் செய்து மத்திய சிறைக்கு அனுப்பிவிட்டார்கள். எந்த ஊர் என்று இங்கே எழுதவில்லை.

மனு பார்க்க, அதாவது சிறையில் அவனைச் சந்திக்க, போனபோது இளைத்துப் போயிருந்தான். தலை சிக்குப் பிடித்திருந்தது. "சோற்றில் ஏதோ கலக்கிறாங்க" என்று மட்டும் சொன்னான். அப்புறம் பேசவே இல்லை. வாசலில் இருந்த காவலரிடம் கேட்டேன். "அவனாம்மா? ரொம்ப அமைதியான பையன், ஒரு தொந்தரவும் இல்லை" என்றார்.

உள்ளே மனநல டாக்டர் இருக்கிறாரா? நாங்கள் மாத்திரை கொடுத்தால் வாங்குவார்களா? வக்கீல், "நோய் விஷயத்தை இப்போது எடுக்காதீங்க, கேஸ் சிக்கலாகும்" என்கிறார். என் சின்னத் தங்கைக்கு வரன் பார்க்கிறோம், அதனால் அப்பாவும் வாயைத் திறக்க வேண்டாம் என்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற_உளவியலாளர்:

அம்மா, தமிழ்நாட்டு மத்திய சிறைகளில்தான் என் வேலைக்காலம் பெரும்பகுதி போனது. நீங்கள் எழுதியதில் எனக்கு மிகவும் கவலை தருவது அந்தக் காவலர் சொன்ன வார்த்தை. கத்துகிறவனை, கம்பியைப் பிடித்து ஆட்டுகிறவனை அன்றைக்கே சிறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவார்கள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவன் யார் கண்ணிலும் படமாட்டான். எண்ணிக்கை எடுக்கும்போது வரிசையில் நிற்கிறான், சண்டை போடுவதில்லை, அதனால் நல்ல பையன். காவலர் பொய் சொல்லவில்லை. ஒரு பிளாக்கில் அவ்வளவு பேரைப் பார்க்கும் ஒருவருக்கு அமைதி என்பது நிம்மதி. ஆகவே வெளியிலிருந்து நீங்கள்தான் சொல்லியாக வேண்டும். அதையும் காகிதத்தில் சொல்ல வேண்டும்.

நாளைக்கே செய்ய வேண்டியது இது. பழைய ஓபி சீட்டு, மருந்துச் சீட்டு, கடைசி ஊசி போட்ட தேதி இருக்கும் பக்கம் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுங்கள். சிறைக் கண்காணிப்பாளருக்கு ஒரு பக்கத்தில் விண்ணப்பம் எழுதுங்கள். அவன் பெயர், தந்தை பெயர், சிறை எண், குற்ற எண், என்ன நோய், என்ன மருந்து, எப்போது நிறுத்தினான், மனு பார்த்தபோது நீங்கள் என்ன கண்டீர்கள். "மனநிலை சரியில்லை" என்று பொதுவாக எழுதாதீர்கள். "சோற்றில் விஷம் என்று நினைத்துச் சாப்பிடவில்லை, குளிக்கவில்லை, பேசவில்லை, இதற்கு முன் மருந்து நின்றபோதும் இப்படித்தான் ஆனது" என்று எழுதுங்கள். அப்படி எழுதினால் மருத்துவ அலுவலர் அன்றே கூப்பிட்டுப் பார்ப்பார். முன்பு எப்போதாவது உயிரை மாய்த்துக்கொள்வதாகப் பேசியிருந்தால் அதை முதல் வரியிலேயே எழுதுங்கள். ரிமாண்டின் தொடக்க நாட்கள்தான் அதற்கு மிகவும் ஆபத்தான காலம். ஒரு பிரதியை நேரில் கொடுத்து முத்திரை வாங்குங்கள், இன்னொன்றைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

மாத்திரை கையில் கொண்டுபோனால் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள். அதற்குக் காரணம் உண்டு. பேசிடேன், தூக்க மாத்திரை இரண்டுமே உள்ளே போதைக்காகக் கைமாறும் சரக்கு. நாக்குக்கு அடியில் ஒளித்து வைத்து விற்றுவிடுவார்கள், அல்லது பலசாலி ஒருவன் பிடுங்கிக்கொள்வான். அதனால் சிறை ஆஸ்பத்திரி மருந்தாளுநர் கையால், தண்ணீர் குடிக்க வைத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

இன்னொரு சங்கடம் வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. சாயங்காலம் ஆறு மணிக்கு லாக்கப், அதாவது எல்லாரையும் அறைக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்கள். இரவு ஒன்பது மணிக்குப் போட வேண்டிய மாத்திரையை ஐந்தரைக்கே விழுங்க வைத்துவிடுவார்கள். பையன் ஏழு மணிக்கே தூங்கி, நடுச்சாமத்தில் விழித்து, எல்லாரும் தூங்கும் அறையில் தனியாகத் தன் குரல்களோடு உட்கார்ந்திருப்பான். அதனால்தான் உங்கள் தம்பிக்குப் பழைய மாத ஊசியே தொடர முடியுமா என்று கேளுங்கள் என்கிறேன். நீண்ட நாள் வேலை செய்யும் ஊசியை யாரும் பிடுங்க முடியாது, ஒளித்து வைக்கவும் முடியாது. ஊசி ஏற்கெனவே ஒத்துக்கொண்டது என்பதற்குச் சீட்டு கையில் இருந்தால், முடிவெடுக்கிற மனநல மருத்துவருக்குப் பெரிய உதவி.

டாக்டர் இருக்கிறாரா என்று கேட்டீர்கள். மத்திய சிறைகளில் ஆஸ்பத்திரி உண்டு, எம்பிபிஎஸ் மருத்துவர் உண்டு. மனநல மருத்துவர் பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரியிலிருந்தோ மாவட்ட மனநலத் திட்டத்திலிருந்தோ குறிப்பிட்ட நாளில் வருவார். அந்தக் கிழமை எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கு முன்பே உங்கள் விண்ணப்பம் போய்ச் சேரும்படி பாருங்கள். உளவியலாளர் பணியிடம் இருந்தாலும் சில இடங்களில் ஆள் இருக்காது. 500 சிறைவாசிகளுக்கு ஒரு மனநல ஆலோசகர் என்கிறது 2016-ன் மாதிரிச் சிறைக் கையேடு. நான் வேலை பார்த்த எந்தச் சிறையிலும் அந்தக் கணக்கை நான் கண்டதில்லை.

உங்கள் தம்பி ஒருவன்தான் இப்படி என்று கூனிக்குறுக வேண்டாம். பெங்களூரு பரப்பன அக்ரஹாரா சிறையில், அந்த ஊரிலுள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 5,024 பேரைப் பரிசோதித்து 2011-ல் வெளியிட்ட ஆய்வில், குடி, போதைப் பிரச்சினைகளைக் கழித்த பிறகும் நாலில் ஒருவருக்கு மேல் ஏதோ ஒரு மனநோய் இருந்தது.

சாப்பாட்டைப் பற்றி ஒன்று. விஷம் என்று பயப்படுகிறவர்களில் பலர் தோல் உள்ள வாழைப்பழம், ஓட்டோடு அவித்த முட்டை, பிரிக்காத பிஸ்கட் பாக்கெட் இவற்றைச் சாப்பிடுவார்கள். அவன் கணக்கில் கேண்டீனுக்குப் பணம் கட்டுங்கள். மருந்து பிடிக்கும் வரை உடம்பாவது தாங்கும்.

நீதிமன்ற_வளாகம்:

நான் வழக்கறிஞர். அவர்களுடைய வக்கீல் சொன்னதில் பாதி சரி, பாதி ஆபத்து என்று எனக்குப் படுகிறது.

இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பாருங்கள் சகோதரி. முதலாவது, சிகிச்சை கேட்பது. அது கைதியின் உரிமை, வழக்கோடு சம்பந்தமில்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் பிரிவு 103 முழுக்கச் சிறைவாசிகளைப் பற்றியது. மாநிலத்தில் ஒரு சிறையிலாவது மருத்துவப் பிரிவில் மனநல நிலையம் இருக்க வேண்டும், அது இல்லாத சிறையிலிருந்து வெளியே மனநல நிலையத்துக்கு மாற்றலாம் என்கிறது. நீங்கள் சிறைக்குக் கொடுக்கும் விண்ணப்பத்தின் நகலை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் மனநல மறுஆய்வு வாரியத்துக்கும் அனுப்புங்கள். இலவச சட்ட உதவிக்கு 15100. ரிமாண்ட் நீட்டிப்பு வீடியோவில் நடக்கும்போது உங்கள் வக்கீல் இரண்டு வரி பெட்டிஷன் போட்டு, அரசு மனநல மருத்துவர் பரிசோதிக்க உத்தரவு கேட்கலாம்.

இரண்டாவது, "இவர் வழக்கை எதிர்கொள்ளும் மனநிலையில் இல்லை" என்று சொல்வது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 367, 368 பிரிவுகள். இங்கேதான் உங்கள் வக்கீலின் பயம் நியாயமானது. அப்படித் தீர்மானித்தால் விசாரணை நின்றுவிடும். யாரும் தொடர்ந்து கவனிக்காவிட்டால் ஆள் உள்ளேயே மறக்கப்படுவார். அசாமில் 1951-ல் பிடிபட்ட ஒருவர், மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டு, விசாரணையே நடக்காமல் 2005-ல்தான் வெளியே வந்தார். 54 ஆண்டுகள். ஆனால் அடுத்த பிரிவான 369-ஐயும் பாருங்கள். உள்நோயாளியாக வைக்கத் தேவையில்லை என்றால், உறவினர் ஒருவர் வெளிநோயாளி சிகிச்சைக்குத் தவறாமல் அழைத்துப் போவதாகவும் யாருக்கும் தீங்கு வராமல் பார்த்துக்கொள்வதாகவும் உறுதி கொடுத்தால், நீதிமன்றம் பிணையில் விடலாம். அந்த உறவினராக நீங்கள் நிற்க முடியுமா என்று வீட்டில் பேசுங்கள்.

சம்பவம் நடந்த நேரத்தில் தான் செய்வது என்னவென்றே தெரியாத நிலையில் இருந்தாரா என்பது மூன்றாவது கேள்வி, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 22. அது விசாரணையில் வரும். ஆனால் இப்போதே மருத்துவர் பார்த்து எழுதி வைத்த குறிப்பு அப்போது மிகவும் உதவும். நோயை இன்று மறைத்து வைத்துவிட்டு இரண்டு வருடம் கழித்துச் சொன்னால், கதை கட்டுகிறார்கள் என்பார் அரசு வழக்கறிஞர்.

ஓய்வுபெற்ற_உளவியலாளர்:

வழக்கறிஞர் சொன்ன 103-லேயே இன்னொரு உட்பிரிவு உண்டு. சிறை மருத்துவ அலுவலர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, இந்தச் சிறையில் மனநோய் உள்ள கைதி யாரும் இல்லை என்று வாரியத்துக்குச் சான்று அனுப்ப வேண்டும். மனநோயாளியை வெறும் அறையில் அடைத்து வைக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் வந்த விதி. ஆனால் "யாரும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது சுலபம். உங்கள் தம்பி பெயரில் முத்திரையோடு ஒரு விண்ணப்பம் கோப்பில் கிடந்தால், அந்த வரியை எழுதும் கை நிற்கும். காகிதம் காகிதம் என்று நான் அடித்துக்கொள்வது இதனால்தான்.

நடிக்கிறான் என்று யாராவது சொன்னால் உடைந்து போகாதீர்கள். உள்ளே அதைத் தினமும் கேட்போம். நடிக்கிறவர்களும் உண்டு. அவர்கள் டாக்டர் வரும் நேரத்தில் அதிகமாகச் செய்வார்கள், தனக்கு என்ன நோய் என்று தாங்களே சொல்வார்கள். உண்மையில் குரல் கேட்கிறவர்களில் பலர் அதை மறைப்பார்கள். அதைத் தெரிந்துகொள்ள ஒரு தடவை பார்த்தால் போதாது. நான் புதிதாக வந்தவரிடம் முதலில் வழக்கைப் பற்றிக் கேட்கவே மாட்டேன். தூக்கம் எப்படி, யார் பார்க்க வந்தார்கள், பக்கத்தில் படுப்பவர் எப்படி என்றுதான் தொடங்குவேன். காவலர் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கட்டும், காதுக்கு எட்டும் தூரத்தில் வேண்டாம் என்று ஒவ்வொரு கண்காணிப்பாளரிடமும் மன்றாடியிருக்கிறேன். சிலர் ஒத்துக்கொண்டார்கள், சிலர் பாதுகாப்பு என்றார்கள். காவலர் கேட்டுக்கொண்டு நிற்கும்போது எந்த மனிதன் தன் பயத்தைச் சொல்வான்?

என் மனதில் தீராமல் இருக்கும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சிகிச்சை கொடுக்கிறவரும், பரோலுக்கும் முன்விடுதலைக்கும் அறிக்கை எழுதுகிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. என்னிடம் அழுத மனிதன், அடுத்த மாதம் நான் அவனைப் பற்றி எழுதப்போவது தெரிந்தால், அதற்கப்புறம் அழ மாட்டான். நல்லவனாகத் தெரிவதற்கு மட்டும் பேசுவான்.

மூணாம்_பிளாக்:

அக்கா, நான் உள்ளே இருந்து வந்தவன். தண்டனை முடித்துவிட்டேன். இப்போது டைல்ஸ் வேலை பார்க்கிறேன். என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

எங்கள் பிளாக்கில் என்னை இரவுக் காவலுக்குப் போட்டிருந்தார்கள். அப்போது ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து வந்து எங்களில் சிலருக்கு வகுப்பு எடுத்தார்கள். யாரைக் கவனிக்க வேண்டும், எப்படிப் பேச வேண்டும், எப்போது ஜெயிலரைக் கூப்பிட வேண்டும் என்று. திடீரென்று தன் சோப்பு, போர்வையை எல்லாம் மற்றவனுக்குக் கொடுப்பவன், மனு வராமல் போனவன், வாய்தாவுக்குப் போய்விட்டு வந்து சாப்பிடாமல் படுப்பவன், இவர்களைத் தனியாக விடாதீங்க என்றார்கள். புதுசாக வந்தவன் ரெண்டாம் நாள் மூணாம் நாள் கை நடுங்கி, இல்லாத பூச்சியைத் தட்டிவிட்டால், அது பைத்தியமும் இல்லை நடிப்பும் இல்லை, குடி நின்றதால் வருவது, உயிர் போய்விடும், உடனே ஆஸ்பத்திரி என்று சொல்லிக் கொடுத்தார்கள். அதுவரைக்கும் நாங்கள் அந்த மாதிரி ஆளைத் திட்டி மூலையில் உட்கார வைப்போம்.

உங்கள் தம்பி மாதிரி ஒரு பையன் என் பக்கத்தில்தான் படுத்தான். நான் பெரிசாக ஒன்றும் செய்யவில்லை. தட்டு வாங்கப் போகும்போது கூடப் போவேன். என் தட்டிலிருந்து ஒரு வாய் நான் சாப்பிட்டுவிட்டு அவனுக்குக் கொடுப்பேன். அதைச் சாப்பிடுவான். ஊசி போட ஆரம்பித்த அப்புறம் தானாகவே வாங்கிச் சாப்பிட்டான்.

விண்ணப்பத்தில் ஒன்று சேர்த்து எழுதுங்கள் அக்கா. தனி செல்லில் போட வேண்டாம், நல்லவிதமான பெரியவர் யாராவது இருக்கும் அறையில் போடுங்கள் என்று எழுதுங்கள். பாதுகாப்புக்காக என்று சொல்லித் தனியே போட்டால் அந்தச் சத்தம் இன்னும் ஜாஸ்தி கேட்கும் என்று அந்தப் பையனே என்னிடம் சொல்லியிருக்கிறான்.

ஓய்வுபெற்ற_உளவியலாளர்:

தம்பி எழுதியதை அப்படியே ஆமோதிக்கிறேன். சிறைவாசிகளையே இப்படிப் பழக்கி, ஆபத்தில் இருப்பவருக்குத் துணையாக வைப்பதை நிம்ஹான்ஸும் தன் வழிகாட்டலில் சொல்லியிருக்கிறது. பிரிட்டனில் 1991-ல் ஸ்வான்சி சிறையில் தொடங்கிய திட்டமும் இதுவே. இரவு இரண்டு மணிக்கு நான் என் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பேன். அந்த நேரத்தில் பக்கத்தில் விழித்திருப்பவன் இன்னொரு கைதிதான். அவனுக்குச் சொல்லிக் கொடுக்காமல் சிறையில் மனநல சேவை நடக்கிறது என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் பயிற்சி கொடுத்துவிட்டு அவனை மறந்துவிடக் கூடாது. அவன் கேட்டதையெல்லாம் இறக்கி வைக்க அவனுக்கும் வாரத்தில் ஒரு நாள் ஒரு ஆள் வேண்டும்.

அக்கா_தெற்கு:

எல்லாருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடி எழுதிக் கொடுத்தேன். மூணாம்_பிளாக் அண்ணன் சொன்னதையும் சேர்த்தேன். முத்திரை போட முதலில் தயங்கினார்கள், சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் நகல் போகிறது என்றதும் போட்டுக் கொடுத்தார்கள். மனநல டாக்டர் பார்த்துவிட்டார். ஊசி போட்டாயிற்று. இப்போது ஆஸ்பத்திரி வார்டில் வைத்திருக்கிறார்கள். வக்கீலிடம் 369 பற்றிக் கேட்டேன், படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். அப்பா இன்னும் சம்மதிக்கவில்லை. நான் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நேற்று மனு பார்த்தேன். பழம் சாப்பிடுகிறானாம். ஆனால் "பக்கத்து வீட்டுக்காரன் இங்கேயும் வந்துட்டான்" என்கிறான். இல்லை என்று சொன்னால் கோபப்படுகிறான். ஆமாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்தக் கூச்சலில், கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் என்ன பேசுவது?

ஓய்வுபெற்ற_உளவியலாளர்:

ஊசி போட்டாயிற்று என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது அம்மா. அதன் பலன் முழுசாகத் தெரியச் சில வாரம் ஆகும். அதுவரை அவன் நம்பிக்கையை நீங்கள் மாற்ற முடியாது, மாற்ற முயலவும் வேண்டாம். "உனக்குப் பயமாக இருக்கிறது என்று தெரிகிறது. எனக்கு அவர் இங்கே தெரியவில்லை. டாக்டரிடமும் இதைச் சொல்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போங்கள். வேறு பேச்சு என்றால் வீட்டு விஷயம். பிள்ளைகள் எந்த வகுப்பு, பட்டறையில் யார் விசாரித்தார்கள், அம்மா என்ன குழம்பு வைத்தார். பதில் வராவிட்டாலும் சொல்லிக்கொண்டே இருங்கள். வெளியே தனக்கு ஒரு இடம் இன்னும் இருக்கிறது என்பது அவன் காதில் விழ வேண்டும். "அடுத்த வாரம் பெயில்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்ன தேதி தவறிய நாளில் ஆட்கள் உடைந்து போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அடுத்த மனு எந்தக் கிழமை வருவீர்கள் என்று சொல்லுங்கள், அந்தக் கிழமை தவறாமல் போங்கள். உங்களுக்கே தாங்க முடியாமல் போனால் 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ், தமிழில் பேசுவார்கள், இலவசம்.

பிணை கிடைக்கும் நாளுக்கு இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். உத்தரவு வந்து எழுத்து வேலை முடிந்து ஆளை வெளியே விடும்போது பெரும்பாலும் இருட்டிவிடும். கையில் மாத்திரை இருக்காது, சிறை ஆஸ்பத்திரியில் என்ன கொடுத்தார்கள் என்ற சீட்டும் இருக்காது. சொந்தக்காரர்கள் கோயிலுக்குக் கூட்டிப் போவார்கள், நண்பர்கள் வேறு எங்காவது கூட்டிப் போவார்கள், மருந்து மறுபடி நின்றுவிடும். ஆகவே, விடுதலையாகும்போது சிகிச்சைச் சுருக்கமும் ஒரு வாரத்து மாத்திரையும் கொடுக்கும்படி மருத்துவ அலுவலருக்கு இப்போதே ஒரு விண்ணப்பம் கொடுத்து வையுங்கள். கடைசியாக ஊசி போட்ட தேதியை வீட்டு நாட்காட்டியில் குறித்து, அடுத்த ஊசி எந்த ஓபி நாளில் விழுகிறது என்று உங்கள் பழைய மருத்துவமனையில் கேட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் அங்கேயேதானே இருக்கிறார்? அப்படியானால் கொஞ்ச காலம் அவன் உங்கள் வீட்டிலோ சித்தி வீட்டிலோ தங்குவது நல்லது. 369-க்கான உறுதிமொழியில் அந்த முகவரியையே கொடுக்கலாமா என்று வக்கீலைக் கேளுங்கள்.